நொட்டாங்கையில் நூல்

சித்தம்மாவுக்குப் பிறவியிலேயே இடக்கைப் பழக்கம். கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்தில் அவள் பிறந்த வீட்டில் அதை நொட்டாங்கை என்பார்கள். சோறு தின்கிற கை சோத்தாங்கை, மற்றது நொட்டாங்கை. கல்லெடுத்து எறிவதானாலும், தொட்டியில் தண்ணீர் மொள்வதானாலும், ஆட்டுக்குட்டியை எட்டிப் பிடிப்பதானாலும் அவளுக்கு அந்தக் கைதான் முந்திக்கொண்டு போகும். பொட்டப்பிள்ளைக்கு இது ஆகாது, நாளைக்குப் போகிற இடத்தில் நம் வளர்ப்பைத்தான் ஏசுவார்கள் என்று அம்மா அவள் விரல்களில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள். அப்பா, சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கையைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவார். பள்ளிக்கூடத்தில் கன்னட வாத்தியார் ஸ்கேலின் விளிம்பால் விரல் முட்டியில் அடித்தார். கொஞ்ச நாளில் சோறும் எழுத்தும் வலக்கைக்கு வந்து சேர்ந்தன. எழுத்து கோழி கிளறினாற்போல இருந்தது. ஆறாவதோடு படிப்பு நின்றுபோனது.

கந்தசாமிக்கு அவளைக் கட்டிக்கொடுத்தபோது அவர் மைசூரில் கொத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கேசரேயில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் குடித்தனம். வந்த புதிதில் ஒருநாள் குழம்பு ஊற்றும்போது கரண்டி அவளையறியாமல் இடக்கைக்குப் போயிருந்தது. கந்தசாமி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அடிக்கவில்லை, திட்டவுமில்லை. மறுநாள் அவள் கரண்டியை எடுத்ததுமே, "கை" என்றார்.

அதற்குப் பிறகு அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. தண்ணீர்ச் சொம்பை நீட்டினால், கை. விளக்கேற்றப் போனால், கை. கல்யாண வீட்டில் மொய்க்கவரைக் கொடுக்கும்போது பல்லிடுக்கில், கை. அவளும் மாற்றிக்கொள்வாள். மற்றபடி கந்தசாமியைப் பற்றிக் குறை சொல்ல அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை. சம்பளத்தைக் குடித்துத் தீர்க்கிற ஆளில்லை. தசரா வந்தால் மகள் அஷ்வினியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, சித்தம்மாவைக் கூட்டத்தில் தவறவிடாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டே அரண்மனை விளக்கு பார்க்கக் கூட்டிப்போவார். சுவர் பூசினால் கண்ணாடி மாதிரி பூசுவார் என்று மேஸ்திரிகள் சொல்வார்கள். கரணையைப் பிடித்த அந்த வலக்கையில் அவருக்கு ஒரு கர்வமே உண்டு.

அஷ்வினி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் சித்தம்மா ஒரு நர்ஸிங் காலேஜ் ஹாஸ்டலில் காய் நறுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே கத்தி அவளுடைய இடக்கையில்தான் இருந்தது. மலை போலக் குவித்த முட்டைக்கோஸை எந்தக் கையால் நறுக்கினால் யாருக்கு என்ன? நேரத்துக்கு முடிந்தால் சரி. அந்தச் சமையலறையை அவளுக்குப் பிடித்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அவள் அப்படி யோசித்துப் பார்த்ததில்லை.

போன ஆடி மாதம் போகாதிப் பக்கம் ஒரு வீட்டில் பூசிக்கொண்டிருந்தபோது கந்தசாமியின் கையிலிருந்து கரணை விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சாரத்தின் மேல் உட்கார்ந்து, ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டார். வெயில் மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் தெளித்து, சோடா கொடுத்து, நிழலில் படுக்க வைத்து நேரத்தைக் கடத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தபோது மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது, வந்த நேரம் தாமதம் என்றார்கள். உயிர் மிஞ்சியது. வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. பேச்சும் அதோடு போயிற்று. 'வேண்டா' என்பது மட்டும் தெளிவாக வரும். மீதியெல்லாம் தொண்டைக்குள்ளேயே உருண்டு நின்றுவிடும்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு பிஸியோதெரபிப் பையன் வாரம் இருமுறை வந்தான். "இவரை இடது கையால சாப்பிட விடுங்கம்மா. ஸ்பூன் பிடிக்கட்டும். தன் வேலையைத் தானே செஞ்சாத்தான் மனசு தெம்பா இருக்கும்" என்று சொல்லி, பருத்த கைப்பிடி வைத்த ஸ்பூன் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனான்.

சித்தம்மா அந்த ஸ்பூனைக் கந்தசாமியின் இடக்கையில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஸ்பூன் போர்வைமேல் விழுந்தது. "வேண்டா" என்றார்.

அஷ்வினி ஒரு துணிக் கடை ஷோரூமில் வேலை பார்க்கிறாள். இப்போது வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. சித்தம்மா ஹாஸ்டல் வேலையை விட்டு நின்றுவிட்டாள். அன்றிரவு விஷயத்தைக் கேட்டதும் அஷ்வினிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபம் வந்தால் அவள் பேச்சில் கன்னடம் கலந்துவிடும்.

"அப்பா, பிஸியோதெரபிக்காரரே லெஃப்ட்ல தின்னலாம்னு சொல்லியாய்த்தல்வா? ஏனு ப்ராப்ளம் உங்களுக்கு? நாள் பூரா அம்மா பக்கத்துலயே உக்காந்திருக்க முடியுமா?"

கந்தசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

"உடு கண்ணு" என்றாள் சித்தம்மா. "அவரால முடியாது. நான் ஊட்டிக்கிறேன்."

ஊட்டினாள், வலக்கையால். ரசம் சோற்றைக் குழைத்து, ராகிக் கூழை ஆற்றி, அவர் தொண்டை அசைவதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வாயாக. பழைய 'கை' என்ற சொல்லும் அவருக்கு இப்போது வராது. ஆனாலும் அவள் தண்ணீர் டம்ளரை எடுக்கும்போது அது தானாகவே வலக்கைக்கு மாறிக்கொண்டிருந்தது.

மாடிவீட்டு சகாயமேரி ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூட்டி முடிந்து படியேறும்போது கந்தசாமியை எட்டிப் பார்த்து, முதுகில் புண் வந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாள். அவள்தான் ஒருநாள் ஒரு பையில் உல்லன் நூலும் இரண்டு ஊசிகளும் கொண்டு வந்தாள்.

"அக்கா, இப்படியே சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்தா உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிடும். எங்க சர்ச்சுல லேடீஸ் எல்லாம் சேந்து குறைமாசத்துல பொறக்குற பேபிங்களுக்குத் தொப்பி பின்றோம். அதுங்களுக்குச் சூடு நிக்காது பாருங்க. நீங்களும் போடுங்க."

"எனக்கென்ன தெரியுமுங்க சிஸ்டர்?"

"யாரு தெரிஞ்சுக்கிட்டே பொறந்தாங்க? காட்றேன், வாங்க."

சகாயமேரி நூலை வலக்கை ஆள்காட்டி விரலில் கோத்துக் காட்டினாள். ஊசியை நுழை, கையை எடுத்து நூலை ஒரு சுற்று வீசு, இழு, கழற்று. சித்தம்மாவுக்கு ஒவ்வொரு வீச்சுக்கும் ஊசி ஆடியது, கண்ணி நழுவியது. சகாயமேரி மாடிக்குப் போனபின் அவள் தனியாக உட்கார்ந்து முயன்றபோது நூல் எப்படியோ இடக்கை விரலில் ஏறியிருந்தது. அந்த விரல் நூலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றது. வலக்கை ஊசி அதைக் கொக்கி போட்டாற்போல எட்டி இழுத்தது. வீசவும் வேண்டாம், கை மாறவும் வேண்டாம். ஒரு வரிசை முடிந்தது தெரியாமல் அடுத்த வரிசைக்குப் போயிருந்தாள். தண்ணீர் மடை திறந்தாற்போல நூல் ஓடியது. உருண்டை தரையில் தானாகப் புரண்டது.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கந்தசாமி அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புருவம் சுருங்கியிருந்தது. அவள் நூலை வலக்கைக்கு மாற்றிக்கொண்டாள்.

முதல் தொப்பியை எடுத்துப் பார்த்த சகாயமேரி விரலால் தடவிப் பார்த்தாள். "இதென்னக்கா, இங்க பூ மாதிரி இருக்கு, இங்க கயிறு மாதிரி இறுகிக் கிடக்கு. ரெண்டு பேரு சேந்து போட்டீங்களா?"

சித்தம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. "அவரு முழிச்சிருந்தா சோத்தாங்கையில போடுவனுங்க. தூங்குனா நொட்டாங்கை."

சகாயமேரி கட்டில் பக்கம் ஒருமுறை பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "எந்தக் கை ஈஸியோ அதுலயே போடுங்க. எங்க குரூப்லயே ரெண்டு பேரு அப்படித்தான் பிடிக்கிறாங்க. அதுவும் ஒரு ஸ்டைல்தான்."

'அதுவும் ஒரு ஸ்டைல்தான்.' அன்று மத்தியானம் பூரா சித்தம்மா அந்த வார்த்தையை மனசுக்குள் மென்றுகொண்டிருந்தாள். மறுநாள் கந்தசாமி விழித்திருக்கும்போதே நூலை இடக்கையில் ஏற்றினாள். அவர் சத்தம் போட்டார். அவள் நிமிரவில்லை. இன்னொருமுறை சத்தம் வந்தது. ஊசிகள் நிற்கவில்லை. பிறகு அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதன்பின் அவள் பின்னுகிற நேரமெல்லாம் அவருக்குச் சுவர்தான். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் திரும்புவார், அவள் வலக்கையில் சோறு இருக்கும்.

கார்த்திகை பிறந்தபோது சர்ச்சில் கிறிஸ்துமஸுக்கென்று புது மாதிரி ஒன்று முடிவு செய்தார்கள். தொப்பியின் நெற்றிப் பக்கம் சுற்றிலும் சின்னச் சின்ன நட்சத்திரங்கள். சகாயமேரி உட்கார்ந்து மெதுவாகப் போட்டுக் காட்டினாள். பின்பக்கத்து வரிசையில் மூன்று கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்து, வலமிருந்து ஊசியை முன்புறமாக நுழைத்து ஒரு கண்ணி எடுக்க வேண்டும். எடுத்ததும் அந்த மூன்றையும் கழற்றிவிடக் கூடாது. நூலை ஊசியில் ஒரு சுற்று சுற்றி, அதே மூன்றுக்குள் மறுபடியும் நுழைந்து இன்னொரு கண்ணி எடுத்த பிறகுதான் கழற்ற வேண்டும். மூன்று போய் மூன்று வரும். முன்பக்கம் திருப்பிப் பார்த்தால் நட்சத்திரம்.

சகாயமேரியின் வலக்கை வீசும்போது அது எளிதாகத்தான் தெரிந்தது. சித்தம்மாவின் பிடியில் அது வரவே இல்லை. நேர் வரிசைகளில் அவளைத் தூக்கிக்கொண்டு போன அதே இடக்கை விரல் இங்கே காலை வாரியது. இந்தப் பின்னலுக்கு நூல் ஊசிக்கு முன்னால் இருக்க வேண்டும், அவள் விரலோ பின்னால் நிமிர்ந்து நிற்கிறது. முன்னால் கொண்டு வந்தால் நூல் தொய்ந்துபோய் ஊசி முனையிலிருந்து வழுக்கியது. மூன்று கண்ணிகளும் ஒட்டிக்கொண்டு ஊசிக்கு வழிவிட மாட்டேன் என்றன. திணித்தால் ஒன்று அறுந்தாற்போல நழுவி, கீழே பல வரிசைக்கு ஏணிப்படி போல இழை பிரிந்தது. பிரித்தாள், போட்டாள், மறுபடி பிரித்தாள். வெள்ளை நூல் கை அழுக்குப்பட்டு மங்கிப்போனது.

"அக்கா, இந்த ஒரு வரிசைக்கு மட்டும் நூலை ரைட் ஹேண்டுக்கு மாத்திக்கோங்க. மத்ததெல்லாம் உங்க ஸ்டைல்லயே போடுங்க. யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள் சகாயமேரி.

சித்தம்மா மடியில் கிடந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாத்தி மாத்தியே இத்தனை வயசாயிப்போச்சுங்க சிஸ்டர்."

"சரி, நட்சத்திரம் இல்லாமலே போடுங்க. அதுக்கென்ன?"

"வேண்டாமுங்க. சித்த நாள் குடுங்க. பாத்துப்போடறேன்."

அந்த வாரம்தான் கை வெந்தது. அடுப்பிலிருந்து இறக்கிக் கஞ்சி வடிக்கும்போது மூடி நழுவி, கொதிக்கிற கஞ்சி வலக்கை உள்ளங்கையிலும் விரல்களிலும் கொட்டிவிட்டது. சகாயமேரி மருந்து தடவி, பஞ்சு வைத்து, விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரியும்படி கட்டினாள். "தண்ணி படக் கூடாது. சோறு பிசையுறதெல்லாம் நெனைக்கவே கூடாது. செப்டிக் ஆயிடும்."

காலையில் வேலைக்குப் போகுமுன் அஷ்வினி அப்பாவுக்கு ஊட்டினாள், இரவு வந்தும் ஊட்டினாள். நடுவில் மத்தியானம் ஒன்று இருக்கிறதே. முதல்நாள் மத்தியானம் சித்தம்மா கிண்ணத்தில் கூழை ஆற்றி, ஸ்பூனை இடக்கையில் எடுத்துக் கந்தசாமியின் வாயருகே கொண்டுபோனாள். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"ஏனுங்க, கை வெந்துபோச்சுங்க. கட்டைப் பாருங்க" என்று வலக்கையைத் தூக்கிக் காட்டினாள். "நாலு நாளைக்குத்தானுங்க. கையில தொடக்கூட இல்ல, ஸ்பூனுங்க."

"வேண்டா."

"பசிக்குமுங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூழ் ஆறி ஆடை படிந்தது.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவளுக்குள் எதுவோ அறுந்துவிட்டது. கிண்ணத்தைத் தரையில் டங்கென்று வைத்தாள்.

"இதும் என்ற கைதானுங்க! உங்க மகளைப் பெத்தப்ப தாங்கிப் பிடிச்சதும் இந்தக் கைதான், உங்க பீ மூத்திரம் அள்ளறதும் இந்தக் கைதான். அள்ளறப்ப வேண்டான்னு சொன்னீங்களா? சோத்துக்கு மட்டும் என்னங்க தீட்டு? எங்கப்பன் கட்டிப் போட்டான், நீங்க வாயாலயே கட்டிப் போட்டீங்க. இன்னும் எத்தனை நாளைக்கு?"

கந்தசாமியின் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்தது. வாதம் வந்ததிலிருந்து அவருக்கு எதற்கெடுத்தாலும் அழுகை வந்துவிடும். அது தன் பேச்சைக் கேட்டு வந்த அழுகையா, நோயின் அழுகையா என்று அவளுக்குத் தெரியவில்லை. வாய் திறக்கவில்லை. வெகுநேரம் கழித்து உதட்டை நாவால் துழாவினார். அவள் டம்ளரை எடுத்து, இடக்கையால்தான், பல்லில் படாமல் சாய்த்தாள். இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தார். கூழைத் திரும்ப எடுத்தபோது உதடு மூடிக்கொண்டது. அவ்வளவுதான்.

அந்த மத்தியானங்களில்தான் அவள் நட்சத்திரத்தோடு மல்லுக்கட்டினாள். வலக்கை கட்டுக்குள் இருந்ததால் நூலை அந்தப் பக்கம் மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. வெளியே நீட்டிய விரல் நுனிகளால் ஊசியைத் தாங்கிக்கொள்ள முடியும், அவ்வளவே. மற்றதெல்லாம் இடக்கை பார்த்தாக வேண்டும். முதலில் அவளுக்குப் பிடிபட்டது, தவறு நட்சத்திர வரிசையில் இல்லை, அதற்கு முந்திய வரிசையில் என்பது. அங்கேயே விரலைத் தாழ்த்தி, நூலைத் தாராளமாக விட்டால் கண்ணிகள் அகலமாக விழுந்தன. பிறகு அந்த மூன்றையும் ஊசியிலிருந்தே ஒருமுறை கீழ்நோக்கி இழுத்துவிட்டால் வாய் திறந்துகொண்டு நின்றன. நூல் வழுக்குவதற்குத்தான் வழி தெரியவில்லை. எதையெதையோ செய்து பார்த்துவிட்டு, சலித்துப்போய் இடது கட்டைவிரலால் நூலை ஊசிக்கு முன்னால் கீழ்நோக்கி அமுக்கிப் பிடித்தாள். ஊசி உள்ளே போயிற்று, நூலை வாரிக்கொண்டு பின்னால் வெளியே வந்தது. கழற்றாமல் ஒரு சுற்று. கட்டைவிரலால் மறுபடி அமுக்கினாள். ஊசி மறுபடியும் போய் வந்தது. அதன்பின்தான் மூன்றையும் கழற்றினாள்.

திருப்பிப் பார்த்தாள். நட்சத்திரம் உட்கார்ந்திருந்தது.

சிரித்துவிட்டாள். வீட்டில் யாரிடம் காட்டுவது? கட்டிலைப் பார்த்தாள். கந்தசாமி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். போர்வைக்குள் தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. அடுத்த நட்சத்திரத்தைத் தொடங்கினாள்.

இதற்கப்புறம் நடந்ததைத்தான் அவள் அப்போது யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். கட்டை அவிழ்த்துப் புது மருந்து போட சகாயமேரி வருவது ஒருநாள் விட்டு ஒருநாள். ஒருமுறை அவளுக்கு ஆஸ்பத்திரியில் தொடர்ந்து டூட்டி விழுந்துவிட்டது. சித்தம்மா தானே கட்டைப் பிரித்துப் பார்த்தாள். புண் காய்ந்து, புதுத்தோல் இளஞ்சிவப்பாக மூடியிருந்தது. விரல்களை மடக்கி நீட்டினாள். வலியில்லை. சோறு பிசைந்திருக்கலாம், ஊட்டியிருக்கலாம். கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பழைய துணியையே எடுத்து, பல்லால் ஒரு முனையைக் கடித்து இழுத்து, கட்டை மறுபடியும் கட்டிக்கொண்டாள். இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு இடக்கையால் ஒரு வாய் வாங்கிக்கொள்வார் என்று நினைத்தாளா, கொஞ்சம் கிடந்து பார்க்கட்டும் என்று நினைத்தாளா? அவளுக்கே தெரியாது. இரண்டும் இருந்திருக்கும். அன்று மத்தியானமும், மறுநாள் மத்தியானமும் இடக்கையால்தான் கிண்ணத்தை நீட்டினாள். இரண்டு முறையும் "வேண்டா"தான் வந்தது.

அந்த இரண்டாம் நாள் இரவே அவருக்குக் காய்ச்சல் கண்டது. மூச்சில் கொரகொரவென்று சத்தம். ஆட்டோவில் ஏற்றும்போது, அவர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்ததால், சித்தம்மா கட்டை அவிழ்த்து எறிந்தாள். அஷ்வினி அதைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான், முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"கை ஆறிப்போச்சா?"

"ஆமா கண்ணு."

"எப்போ?"

சித்தம்மா பொய் சொல்லியிருக்கலாம். "நேத்தே" என்றாள்.

அஷ்வினி, கன்னடம் கலக்காமல், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "ஊசி பிடிக்க முடிஞ்ச கையால ஒரு வாய் ஊட்ட முடியலயா, அம்மா?"

கந்தசாமி மார்கழியின் முதல் வாரத்தில் இறந்துபோனார். நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்று டாக்டர் சொன்னார். கொள்ளேகாலிலிருந்தும் ராமாபுரத்திலிருந்தும் உறவினர்கள் வந்தார்கள். வாய்க்கரிசி போடும்போது சித்தம்மா தாம்பாளத்திலிருந்து அரிசியை வழக்கப்படி வலக்கையில் அள்ளினாள். கந்தசாமியின் பெரியப்பா மகன் ஒருவர் மெதுவாகத் தடுத்தார். "அப்படியில்ல அம்மிணி. நம்ம வகையறாவுல இதை நொட்டாங்கையிலதான் போடோணும்." அவள் அரிசியை மாற்றிக்கொண்டாள். கந்தசாமியின் வாய் லேசாகத் திறந்துதான் இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் வந்து தூக்கினார்கள். புருஷனைப் பறிகொடுத்த துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதுவும்தான்.

காரியம் முடிந்த பிறகு சகாயமேரி தயங்கித் தயங்கி வந்தாள். தொப்பிகளைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. சித்தம்மாவே எடுத்துக் கொடுத்தாள். சகாயமேரி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அக்கா! வந்துடுச்சே! நீங்க உங்க பிடியிலயே போட்டீங்களா? ஒரு இடத்துல கூட இறுக்கம் இல்லியே!" என்று வியந்தாள். சொன்ன பிறகு, சந்தோஷப்படுகிற நேரமா இது என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சித்தம்மா அவளிடம்தான் சொன்னாள். கட்டைப் பிரித்ததையும் திரும்பக் கட்டியதையும், இரண்டு மத்தியானத்தையும்.

சகாயமேரி வெகுநேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இங்க பாருங்கக்கா, நான் நர்ஸா சொல்றேன். ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு விழுங்குறது வழிமாறி லங்ஸுக்குப் போயிடும். அதனால வர்ற இன்ஃபெக்ஷன் அது. யார் ஊட்டினாலும் வரும். ரெண்டு வேளை பட்டினியால யாரும் சாகறதில்ல."

"சரிங்க சிஸ்டர்" என்றாள் சித்தம்மா.

அது உண்மையாகத்தான் இருக்கும். மேரி சிஸ்டர் பொய் சொல்கிறவளில்லை. ஆனால் எதனால் செத்தார் என்பதைச் சித்தம்மா கேட்கவில்லை. கடைசி நாட்களில் அவர் பசியோடு கிடந்தார், அதை அவள் பார்த்துக்கொண்டே பின்னினாள். அதற்கு எந்த ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது? அந்த நட்சத்திரம் அவளுக்குப் பிடிபட்டதும் அதே நாட்களில்தான். ஒன்றை நினைத்தால் மற்றதும் கூடவே வந்து நின்றது. தொப்பி கச்சிதமாக வந்திருக்கிறதே என்று ஒருகணம் மனம் பூரித்தால், மறுகணம் போர்வைக்குள் துருத்திய அந்தத் தோள்பட்டை தெரியும்.

சங்கராந்தி கழிந்து அவள் ஹாஸ்டல் வேலைக்குத் திரும்பினாள். அஷ்வினி கேட்டதற்குப் பதில் சொல்வாள், சம்பளத்தில் வீட்டுச் செலவுக்கு எடுத்து வைப்பாள், அம்மாவுக்குத் தலைவலி என்றால் மாத்திரை வாங்கி வருவாள். ஆனால் அந்த வராந்தாக் கேள்வியைப் பற்றி இருவரும் திரும்பப் பேசவில்லை. ஒருநாள் இரவு, சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று, "நானாவது மத்தியானம் வந்துட்டுப் போயிருக்கலாம்மா. ஷோரூம்ல கேட்டிருந்தா விட்டிருப்பாங்க. நான் கேக்கவே இல்ல" என்றாள். சித்தம்மா அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள். அன்றைக்கு அஷ்வினி அம்மாவின் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தாள்.

உல்லன் பை மூலையில் கிடந்தது. சித்தம்மா அதைத் தொடாமல் சில வாரம் இருந்து பார்த்தாள். வேலை விட்டு வந்து, அஷ்வினி வரும்வரை வீடு வெறிச்சென்று கிடந்தது. கட்டிலை வாடகைக்குக் கொடுத்தவன் வந்து எடுத்துப்போன இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் வேறு நிறத்தில் தெரிந்தது. ஒரு சாயங்காலம் மாடியிலிருந்து இறங்கி வந்த சகாயமேரி புது நூல் உருண்டை ஒன்றை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு டூட்டிக்குப் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகள் பிறந்துகொண்டுதானே இருக்கின்றன.

சித்தம்மா கொஞ்சநேரம் உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முனையைத் தேடி எடுத்து இடது விரலில் ஏற்றிக்கொண்டாள்.